ஆங்கில எழுத்துப் பரீட்சையும் ஆயத்த வசனங்களும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே வெவ்வேறு பக்கங்களிலிருந்து தொட்டிருந்தன. ஆங்கில எழுத்துப் பரீட்சைக்கென முன்கூட்டியே பாடமாக்கிக்கொண்டு செல்லும் வசனங்களும் சொற்றொடர்களும் உதவுகின்றனவா, கெடுக்கின்றனவா என்பதே அது. ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பக்கங்களை முழுமையாக இதற்கே தருகிறேன்.

நான் கொழும்பில் தாதியாகப் பணிபுரிகிறேன். பிரித்தானியாவுக்குச் செல்லும் நோக்கத்துடன் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சை எழுதினேன். வாசிப்பு, செவிமடுத்தல், பேச்சு ஆகிய மூன்றிலும் 9 க்கு 7 கிடைத்தது. எழுத்தில் மட்டும் இரண்டு தடவையும் 6 தான். வகுப்பில் தந்த ஆரம்ப வசனங்களையும் முடிவு வசனங்களையும் ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். அவற்றுக்காகப் புள்ளியைக் குறைக்கிறார்களா?
— வாசகி, வெள்ளவத்தை

பாடமாக்கிய வசனம் ஒன்றைக் கண்டதும் இத்தனை புள்ளி கழிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் அந்த வசனங்கள் உங்களுக்குப் புள்ளி எதையும் ஈட்டித் தரவில்லை என்பதே உண்மை; சில இடங்களில் உங்கள் சொந்த எழுத்துக்குக் கிடைத்திருக்க வேண்டியதையும் அவை தடுத்திருக்கக்கூடும். பிரித்தானியாவின் தாதியர், மருத்துவிச்சியர் பேரவை எழுத்துக்கான தேவையை 2018 இன் இறுதியில் 7 இலிருந்து 6.5 ஆகக் குறைத்துவிட்டது. ஆகவே உங்களுக்கு இன்னும் வேண்டியது அரைப் புள்ளி மட்டுமே. அது எங்கே தவறியது என்பதைப் பார்ப்பதற்கு மதிப்பீட்டு முறையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எழுத்துப் பரீட்சைக்கு 60 நிமிடங்கள். முதலாவது பகுதிக்குக் குறைந்தது 150 சொற்களும், இரண்டாவதான கட்டுரைக்குக் குறைந்தது 250 சொற்களும் எழுத வேண்டும். கட்டுரைக்கு முதலாவது பகுதியைப்போல் இருமடங்கு நிறை உண்டு. ஒவ்வொன்றும் நான்கு அளவுகோல்களால் மதிப்பிடப்படுகிறது: வினாவுக்கு எவ்வளவு முழுமையாக விடை தந்திருக்கிறீர்கள், கருத்துகளை எப்படி ஒழுங்குபடுத்தி இணைத்திருக்கிறீர்கள், சொல்வளம் எப்படி, இலக்கணம் எவ்வளவு விரிவானதும் சரியானதும் என்பன அவை. நான்குக்கும் சம பங்கு. ஆயத்த வசனம் இந்த நான்கில் எதை உயர்த்தும் என்று கேட்டுப் பாருங்கள். பிழையின்றி இருப்பதால் இலக்கணத்தை உயர்த்தும் என்றுதான் வகுப்புகளில் சொல்கிறார்கள். பரீட்சகரோ அந்த ஒரு வசனத்தை மட்டும் வாசித்து இலக்கணத்துக்குப் புள்ளி போடுவதில்லை. முழுக் கட்டுரையையும் வாசிக்கிறார். முதல் வசனம் முப்பது சொற்களில், மூன்று துணை வாக்கியங்களோடு, அப்பழுக்கற்று நிற்கும்போது, அடுத்த வசனத்தில் ‘பீப்பிள்’ என்ற பன்மைக்குப் பின்னால் ‘இஸ்’ வந்தால், முதலாவது உங்களுடைய வசனம் அல்ல என்பதை அறிய அவருக்கு வேறு சான்று தேவையில்லை.

இதைவிடப் பெரிய சேதம் முதலாவது அளவுகோலில் நிகழ்கிறது. நகர மத்தியில் தனியார் கார்களைத் தடைசெய்ய வேண்டும் என்ற கருத்தை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்று வினா கேட்கிறது எனக் கொள்வோம். வகுப்பில் தந்த ஆரம்பம் இப்படி இருக்கும்: ‘இந்த நவீன யுகத்தில் இது சூடாக விவாதிக்கப்படும் ஒரு விடயமாகும், இக்கட்டுரை இதன் நன்மைகளையும் தீமைகளையும் ஆராயும்.’ வினா நன்மை தீமைகளைக் கேட்கவில்லை. உங்கள் நிலைப்பாடு என்ன, அது எவ்வளவு உறுதியானது என்பதையே கேட்டது. நீங்கள் பாடமாக்கிய வசனத்துக்கு விசுவாசமாக இருந்து ஒரு பந்தியில் நன்மைகளையும் மறு பந்தியில் தீமைகளையும் எழுதி, கடைசி வரியில் மட்டும் உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லியிருந்தால், கேட்காத கேள்விக்கு விடையளித்தவராகிறீர்கள். ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் குறையை அது மறைக்காது. வினாக்கள் பல வகைப்படும்: ஏற்கிறீர்களா என்று கேட்பது, இரு தரப்பையும் ஆராய்ந்து உங்கள் கருத்தையும் தரச் சொல்வது, நன்மை தீமையை விஞ்சுகிறதா என்று கேட்பது, காரணமும் தீர்வும் கேட்பது என்று. ஒரே ஆரம்பம் இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது என்று யாராவது சொன்னால், அது எதற்குமே விடை தரவில்லை என்றுதான் பொருள்.

பரீட்சையை நடத்துவோர் பகிரங்கமாக வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விவரணங்களை ஒரு தடவை பொறுமையாக வாசியுங்கள். 2023 இல் திருத்தி வெளியிட்ட வடிவத்தில், பாடமாக்கிய தொடர்களைப் பொருத்தமில்லாமல் பயன்படுத்துவது சொல்வளத்துக்கான 4 ஆம் படிநிலையின் அடையாளங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. முழு விடையும் மனனம் செய்யப்பட்டது என்று நிரூபணமானால் கிடைப்பது பூச்சியம். வினாத்தாளிலிருந்து அப்படியே பிரதி செய்த சொற்களும் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. நீங்கள் 4 இல் இல்லை, 6 இல் இருக்கிறீர்கள். ஆகவே உங்கள் சொந்த ஆங்கிலம் போதிய அளவு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஆங்கிலத்துக்கு நீங்கள் இடம் விடவில்லை என்பதுதான் குறை. ஆரம்பத்துக்கு முப்பது சொற்களும் முடிவுக்கு முப்பது சொற்களும் ஆயத்தமாகப் போனால், 250 சொற்களில் ஏறத்தாழ கால்வாசி எதையும் சொல்லாமல் கழிந்துவிடுகிறது.

அடுத்த தடவை ஆரம்பப் பந்தியை இரண்டே வசனங்களில் எழுதுங்கள். முதலாவது, வினா எதைப் பற்றியது என்பதை உங்கள் சொற்களில் சொல்லட்டும். இரண்டாவது, உங்கள் விடையைச் சொல்லட்டும். அதன்பின் நேரே காரணத்துக்குச் செல்லுங்கள். சொந்த அறிவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் உதாரணம் தருமாறு வினாத்தாளே கேட்கிறது. வைத்தியசாலையில் பணிபுரியும் உங்களுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை: அலுவலக நேரத்தில் காலி வீதியில் அம்பியூலன்ஸ் வண்டி நகர முடியாமல் நிற்பதை நீங்கள் அறிவீர்கள். கார்த் தடையைப் பற்றிய கட்டுரையில் அதை எளிய ஆங்கிலத்தில் மூன்று வசனங்களாக எழுதினால், அதற்குத் தேவையான ‘அவசர சிகிச்சை’, ‘தாமதம்’, ‘நெரிசல்’ போன்றவற்றின் ஆங்கிலச் சொற்கள் உங்களிடமே இருக்கின்றன. பரீட்சகர் தேடும் சொல்வளம் அதுதான்.

ஒவ்வொரு வசனத்தையும் ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘இன் அடிஷன்’ என்று ஆரம்பித்தால் இணைப்புக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். என் நண்பனோ அவற்றை எழுதவே கூடாது என்கிறான். யார் சொல்வது சரி?
— மாணவர், தெஹிவளை

இருவர் சொல்வதும் சரியல்ல. மேலே சொன்ன அதே விவரணங்களில், இணைப்புக்கான மிக உயர்ந்த 9 ஆம் படிநிலையைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? வாசிப்பவரின் கவனத்தை மிக அரிதாகவே ஈர்க்கும் வகையில் இணைப்பு அமைந்திருக்கும் என்று. 6 ஆம் படிநிலையில் இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்கிறது. 5 ஆம் படிநிலையில் இணைப்புச் சொற்களின் மிகைப் பயன்பாட்டைக் குறிப்பிடுகிறது. ஆகவே வசனத்துக்கு வசனம் ‘மோர்ஓவர்’ எழுதுகிறவர், தாம் 9 ஐ நோக்கிப் போவதாக எண்ணிக்கொண்டு 5 இன் அடையாளத்தைத் தம் கட்டுரையில் பதித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த விடயத்தில் ஆய்வுகளும் இருக்கின்றன. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் சில்வியன் கிரேன்ஜர், பல நாட்டு மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைப் பெருந்தொகையாகத் திரட்டி ஆராயும் பணியைத் தொடங்கி வைத்தார். அவரும் ஸ்டெஃபனி டைசனும் 1996 இல் வெளியிட்ட ஆய்வு, பிரெஞ்சு மொழி பேசும் மாணவர்கள் ‘மோர்ஓவர்’, ‘ஒன் த கொன்ட்ரரி’ போன்றவற்றை ஆங்கிலேய மாணவர்களைவிட மிக அதிகமாகவும், ‘ஹவ்எவர்’, ‘தெயர்ஃபோர்’ போன்றவற்றைக் குறைவாகவும் பயன்படுத்தியதைக் காட்டியது. இதை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. ‘மோர்ஓவர்’ கருத்தைக் கருத்தின்மேல் அடுக்க உதவுகிறது; ‘ஹவ்எவர்’, ‘தெயர்ஃபோர்’ ஆகியவை ஒரு கருத்தை மறுக்கவோ அதிலிருந்து முடிவுக்கு வரவோ உதவுகின்றன. அடுக்குவது எளிது. வாதிடுவதற்கு யோசிக்க வேண்டும். நம் மாணவர்களின் கட்டுரைகளிலும் இதே சாய்வை நான் காண்கிறேன்.

‘ஒன் த கொன்ட்ரரி’ பற்றி ஒரு எச்சரிக்கை. ‘மறுபுறம்’ என்ற பொருளில் அதை எழுதுகிறார்கள். அப்பொருளுக்கு உரியது ‘ஒன் தி அதர் ஹான்ட்’. முன்பு சொன்னது பொய், உண்மை அதற்கு நேர் எதிர் என்று மறுக்கும்போது மட்டுமே ‘ஒன் த கொன்ட்ரரி’ பொருந்தும். அதேபோல ‘ஆல்தோ’ என்று ஆரம்பித்த வசனத்தின் நடுவில் ‘பட்’ போடாதீர்கள். இரண்டில் ஒன்று போதும். ‘டெஸ்பைட்’ என்பதற்குப் பின்னால் ‘ஒஃப்’ வராது, ‘இன் ஸ்பைட்’ என்பதற்குப் பின்னால் அது கட்டாயம் வரும்.

உங்கள் பந்தியை எழுதி முடித்தபின் எல்லா இணைப்புச் சொற்களையும் அடித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பொருள் தடைப்படும் இடங்களில் மட்டும் அவற்றைத் திரும்பப் போடுங்கள். பெரும்பாலான இடங்களில் ‘இந்தத் தாமதம்’, ‘அத்தகைய செலவு’ என்று முன்வசனத்தின் கருத்தைச் சுட்டித் தொடங்கும் ஒரு சொல்லே இணைப்பைச் செய்துவிடும்.

பழமொழிகளையும் மரபுத்தொடர்களையும் சேர்த்தால் கட்டுரை அழகாகுமா? ‘ஒவ்வொரு நாணயத்துக்கும் இரு பக்கங்கள் உண்டு’ என்பதன் ஆங்கில வடிவத்தைத்தான் நான் எப்போதும் முடிவில் எழுதுவேன்.
— வாசகர், பம்பலப்பிட்டி

ஆகாது. எந்தக் கட்டுரையின் முடிவிலும் பொருந்தும் வசனம் உங்கள் கட்டுரையின் முடிவாக முடியாது. பேச்சுப் பரீட்சையில் இயல்பாக வரும் ஒரு மரபுத்தொடர் நன்மை தரலாம்; வாதக் கட்டுரையில் அதைத் தவிர்த்து, நீங்கள் எந்தக் காரணத்தால் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை ஒரே வசனத்தில் எழுதுங்கள்.

என் மகள் இவ்வருடம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ஆங்கிலக் கட்டுரைகளை முழுமையாகப் பாடமாக்கும்படி வகுப்பில் சொல்கிறார்கள். இரவிரவாக அதையே செய்கிறாள். பாடமாக்குவது கூடாது என்று நீங்கள் முன்னரும் எழுதியிருந்தீர்கள். தேவாரமும் திருக்குறளும் பாடமாக்கித்தானே நாங்கள் தமிழ் படித்தோம்? அதில் என்ன பிழை?
— தந்தை, கொட்டாஞ்சேனை

உங்கள் கேள்வி நியாயமானது. பாடமாக்குவதை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட மாட்டேன். தேவாரத்தைப் பாடமாக்கிய பிள்ளையின் காதில் தமிழின் ஓசையும் சொற்கள் சேரும் முறையும் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகின்றன. பின்னர் அந்தப் பிள்ளை தன் சொந்த வசனத்தை எழுதும்போது அவை தாமாகவே துணை வருகின்றன. ஆனால் யாரும் தேவாரத்தைப் பரீட்சையில் தன் கட்டுரை என்று எழுதி வைப்பதில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. நல்ல ஆங்கிலப் பந்தியொன்றை மகள் பாடமாக்கட்டும், சத்தமாக வாசிக்கட்டும், பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும், அவ்வளவும் பயன்தரும். ‘நான் சென்ற ஒரு சுற்றுலா’ என்ற கட்டுரையை முழுமையாகப் பாடமாக்கிச் சென்று, வினாத்தாளில் ‘எனக்குப் பிடித்த ஒரு புத்தகம்’ என்று வந்தவுடன் அதற்குள் சுற்றுலாவைத் திணிப்பதுதான் கெடுதல். தலைப்பு மாறினால் பேனையை வைத்துவிட்டு அழுத பிள்ளைகளை நான் அறிவேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. தம் சொந்த ஆங்கிலத்தில் எழுதிப் பழகும் வாய்ப்பை யாரும் அவர்களுக்குத் தரவில்லை.

பாடமாக்கியே ஆக வேண்டிய சில விடயங்களும் உண்டு. கடிதத்தின் அமைப்பு அத்தகையது: முகவரியும் திகதியும் எங்கே வரும், ‘டியர் சேர்’ என்று ஆரம்பித்த கடிதம் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று முடியும், பெயர் சொல்லி விளித்த முறையான கடிதம் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடியும் என்பவை மரபு; அவற்றைப் புதிதாகச் சிந்திக்க வேண்டியதில்லை. முறைப்பாட்டுக் கடிதம், விடுமுறை விண்ணப்பம், அழைப்பிதழ் ஆகியவற்றின் முதல் வசனங்களும் அப்படியே. இவற்றைப் பாடமாக்கினால் மிச்சப்படும் நேரத்தை உள்ளடக்கத்துக்குக் கொடுக்கலாம்.

இரவிரவாக ஒரு கட்டுரையைப் பாடமாக்குவதற்குப் பதிலாக, மகளை அதே கட்டுரையிலிருந்து ஐந்து வசனங்களைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். அந்த ஐந்தின் அமைப்பையும் வைத்துக்கொண்டு வேறொரு தலைப்பில் ஐந்து வசனங்களை எழுதட்டும். ‘நாங்கள் கண்டி சென்றபோது மழை பெய்துகொண்டிருந்தது’ என்பதன் ஆங்கில அமைப்பு கையில் இருந்தால், ‘நான் அந்தப் புத்தகத்தைத் திறந்தபோது அம்மா சமைத்துக்கொண்டிருந்தார்’ என்பதும் எழுத வரும். தயவுசெய்து அவளை நேரத்துக்கு உறங்கவும் விடுங்கள்.

மருத்துவத் துறையினருக்கான ஓ.ஈ.டி. ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிறேன். அதில் எழுதும் கடிதத்துக்கும் ஆயத்த வசனங்கள் கூடாதா?
— வைத்தியர், வத்தளை

அங்கே நிலைமை வேறு. ஓ.ஈ.டி. எழுத்துப் பரீட்சையில் நோயாளியின் குறிப்புகளைத் தந்து, அவற்றிலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமோ விடுவிப்புக் கடிதமோ எழுதச் சொல்கிறார்கள். 45 நிமிடங்களில் முதல் 5 நிமிடங்கள் வாசிப்பதற்கு மட்டும். மருத்துவக் கடிதமே வழக்கமான தொடர்களால் ஆனது. இந்த நோயாளியை இன்ன காரணத்துக்காக அனுப்புகிறேன் என்று முதல் பந்தியிலேயே சொல்வது உலகெங்கும் உள்ள நடைமுறை. அதற்கான வசனத்தைத் தயங்காமல் பழகிக்கொள்ளுங்கள். கடிதத்தின் நோக்கம் உடனடியாகத் தெரிகிறதா என்பது அங்கே தனி அளவுகோலாகவே இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியது, பெறுபவருக்குத் தேவையில்லாத குறிப்புகளை விட்டுவிடும் தெரிவைப் பற்றித்தான்.

அவுஸ்திரேலியாவுக்காக பி.டி.ஈ. என்ற ஆங்கிலப் பரீட்சையை எழுதவிருக்கிறேன். கணினிதானே மதிப்பிடுகிறது, மாதிரிச் சட்டகத்தில் தலைப்பை மட்டும் மாற்றி எழுதினால் போதும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், வெள்ளவத்தை

அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். 20 நிமிடங்களில் 200 முதல் 300 சொற்கள் வரை எழுதும் அந்தக் கட்டுரையில் உள்ளடக்கம் ஓர் அளவுகோல். அதற்குப் பூச்சியம் விழுந்தால், இலக்கணத்துக்கும் சொல்வளத்துக்கும் வேறு புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. தலைப்பின் சொல்லை மட்டும் மாற்றிய சட்டகத்தில் உள்ளடக்கம் எங்கிருந்து வரும்?

அப்படியானால் எவற்றைத்தான் படிப்பது? தனிச்சொற்களாகப் படித்தால் வசனத்தில் பிழையாகச் சேர்க்கிறேன். தொடர்களாகப் படித்தால் ஆயத்த வசனம் என்கிறீர்கள்.
— ஆசிரியை, மருதானை

இந்தக் கடிதத்துக்காகவே இம்முறைப் பக்கங்களை ஒரே விடயத்துக்கு ஒதுக்கத் தீர்மானித்தேன். தொடர்களாகப் படிப்பதுதான் சரி. அன்ட்ரூ பௌலி, பிரான்சஸ் சைடர் என்ற இருவர் 1983 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் சரளமாகப் பேசுவதன் இரகசியம், அவர் பல இலட்சம் ஆயத்தத் தொடர்களை நினைவில் வைத்திருப்பதுதான் என்று வாதிட்டார்கள். இலக்கணப்படி சரியாக அமையக்கூடிய எண்ணற்ற வசனங்களில் மக்கள் உண்மையில் சொல்வது சிலவற்றையே. ஆகவே ‘பாடமாக்கிய தொடர்’ என்பது கற்பவரின் குறைபாடு அல்ல. மொழியே அப்படித்தான் இயங்குகிறது.

கேள்வி, எந்த அளவுத் தொடர் என்பதுதான். இரண்டு, மூன்று, நான்கு சொற்கள் கொண்டதாகவும், ஒரு பொருளை உண்மையில் சுமப்பதாகவும் இருந்தால் படியுங்கள். ஆங்கிலத்தில் மழை ‘ஹெவி’ ஆக இருக்கும், காற்று ‘ஸ்ட்ரோங்’ ஆக இருக்கும்; மாற்றிச் சொன்னால் விளங்கும், ஆனால் உறுத்தும். முடிவை ‘மேக்’ செய்வார்கள், ஆய்வை ‘கண்டக்ட்’ செய்வார்கள், அச்சுறுத்தலை ‘போஸ்’ செய்வார்கள். வரைபடத்தை விவரிக்கும் முதலாவது பகுதிக்கு ‘ரோஸ் ஷார்ப்லி’, ‘ரிமெய்ன்ட் ஸ்டேபிள்’, ‘அக்கவுன்டட் ஃபோர்’ போன்றவை இல்லாமல் எழுதவே முடியாது. இவற்றை எந்தப் பரீட்சகரும் ஆயத்த வசனம் என்று சொல்ல மாட்டார், ஏனெனில் இவை நீங்கள் சொல்ல வந்த பொருளுக்குள் கரைந்துவிடுகின்றன. இருபது சொற்கள் நீண்டு, எந்தத் தலைப்புக்கும் ஒட்டாமல் எல்லாத் தலைப்புக்கும் பொருந்தி நிற்பதைத்தான் தள்ள வேண்டும். அத்தகைய வசனத்தில் ஒரு சொல் தவறினாலும் முழுவதும் குலைந்துவிடும் என்ற அபாயமும் உண்டு. ‘ஒன் தி அதர் ஹான்ட்’ என்ற சிறு தொடரிலேயே நடுவிலுள்ள ‘தி’ காணாமற் போன கட்டுரைகள் எத்தனையோ.

உங்கள் மாணவர்களுக்குத் தலைப்பு வாரியாக ஒரு கொப்பி வைக்கச் சொல்லுங்கள்: போக்குவரத்து, சுகாதாரம், கல்வி, சூழல், வேலைவாய்ப்பு என்று. ஆங்கிலப் பத்திரிகைகளின் ஆசிரியர் தலையங்கங்களை வாசிக்கும்போது பெயர்ச்சொல்லை மட்டும் எழுதாமல், அதற்கு முன்னால் வந்த வினையையும் பின்னால் வந்த முன்னிடைச் சொல்லையும் சேர்த்து எழுதட்டும். ‘டிமான்ட்’ என்றால் ‘எ ரைஸ் இன் டிமான்ட் ஃபோர்’ என்று முழுவதாக. ஒவ்வொன்றுக்கும் கீழே, கொழும்பில் தாம் கண்ட ஏதேனும் ஒன்றைப் பற்றிய சொந்த வசனத்தையும் அன்றைக்கே எழுத வேண்டும். அந்த வசனம் இல்லாவிட்டால் கொப்பி வெறும் பட்டியலாகிவிடும், பட்டியல்கள் பரீட்சை மண்டபத்தில் நினைவுக்கு வருவதில்லை. இன்னொன்று: அகராதி வாங்கும்போது சொற்சேர்க்கைகளுக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதியொன்றைப் பாடசாலை நூலகத்துக்கு வாங்கச் செய்யுங்கள். பொருளை மட்டும் தரும் அகராதியைவிட எழுதுகிறவருக்கு அது அதிகம் உதவும்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் ‘அகாடமிக் ஃபிரேஸ்பாங்க்’ தொடர்களைப் பயன்படுத்துவது பிறர் எழுத்தைத் திருடுவதாகுமா?
— மாணவி, கொழும்பு

ஆகாது. மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜோன் மோர்லி தொகுத்த அந்தச் சேகரிப்பின் நோக்கமே அத்தகைய பொதுத் தொடர்களை எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான். ‘இந்த ஆய்வின் நோக்கம்’, ‘முந்தைய ஆய்வுகள் காட்டியபடி’ போன்றவற்றின் ஆங்கில வடிவங்கள் யாருக்கும் உடைமையானவை அல்ல. அத்தொடருக்குப் பின்னால் வரும் கண்டுபிடிப்போ விளக்கமோ வேறொருவருடையதாக இருந்தால், உங்கள் துறை பின்பற்றும் முறைப்படி அவரது பெயரையும் ஆண்டையும் அதே வசனத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.